ஒட்டிக்கிடந்த பதினொரு விடைத்தாள்கள்

அட்மிஷன் கமிட்டிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டார்கள். மேடையில் ஏறினால், ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் சொல்வதைச் சொல்லிவிட்டு சால்வையோடு இறங்கி வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். எழுதித் தருகிறேன் என்று சொன்னதற்குக் காரணம் அதுதான். இதை இதுவரை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை.

சட்டக் கல்லூரிக்கு மாணவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று உங்களுக்கு ஒரு கையேடு தந்திருப்பார்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு இவ்வளவு, நுழைவுத் தேர்வுக்கு இவ்வளவு, கட்டுரைக்கு இருபது, நேர்காணலுக்கு இவ்வளவு என்று கட்டம் போட்டிருக்கும். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பட்டியலின் மேல்பக்கம் இருப்பவர்களை எடுக்க மூளை வேண்டாம், கால்குலேட்டர் போதும். அடியில் இருப்பவர்களை விடுவதற்கும் அப்படியே. நடுவில் ஒரு கூட்டம் அரை மார்க்கிலும் கால் மார்க்கிலும் தொங்கிக்கொண்டு நிற்கும். அவர்கள் உள்ளே வருவதும் வெளியே நிற்பதும் அந்த இருபது மார்க் கட்டுரையில்தான் இருக்கிறது. அதைப் படிக்கிற நாற்காலியில்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள்.

அந்த நாற்காலியில் நான் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. கட்டுரைக் கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவேன். மணி பார்த்தால் வேலை ஓடாது. வீட்டிலும் அப்படித்தான். “வாட்ச்ச கழட்டிட்டீங்கன்னா நீங்க இந்த ஊர்லயே இல்ல” என்று என் மனைவி கேலி செய்வாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நான் சொல்லப்போவது ஒரு கோடையின் கடைசி நாளைப் பற்றி. கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி இருந்தது எங்கள் கல்லூரி. விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் காலையிலிருந்தே தலைக்கு மேல் வட்டமடிக்கும். புதிதாக வருபவர்கள் முதல் வாரம் அண்ணாந்து பார்ப்பார்கள். அப்புறம் அந்தச் சத்தம் காதில் விழுவதே நின்றுவிடும்.

அதற்கு முந்தைய வருடம்வரை ஒரு கட்டுரையை ஒரே ஒருவர்தான் படிப்பார். அவர் போட்டதுதான் மார்க். பிறகு கமிட்டித் தலைவராக ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் வந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அம்மா என்றே அழைப்போம். அவர் அந்த முறையை மாற்றினார். ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். இருவரின் மதிப்பெண்ணும் ரொம்பவே விலகிப் போனால், அவை இரண்டையும் பார்க்காமல் மூன்றாவது ஆள் படிக்க வேண்டும். மூன்றாமவர் போடுவதே முடிவு. தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். ஒரு விண்ணப்பதாரரை ஒரு முறை எடைபோட்டவர், அவர் மறுபடி விண்ணப்பித்தால் மூன்றாமவராக இருக்கக் கூடாது. இதைச் சரிபார்க்கிற வேலை அலுவலகத்தில் இருந்த மேரியம்மாவுடையது. என்னைவிட ஒரு வயது இளையவர், அதிகம் பேசாதவர். யாராவது இரண்டாம் முறை விண்ணப்பித்தால், அவருடைய பழைய விடைத்தாளைத் தேடி எடுத்துப் புதிய கோப்புக்கு அடியில் வைத்துப் பச்சை நூலால் கட்டிவிடுவார். எல்லா மதிப்பெண்ணும் வந்து சேர்ந்த பிறகுதான் அந்த நூலை அவிழ்ப்பார். அவர் அவிழ்த்துப் பார்த்து ஆட்சேபம் சொன்னதாக எனக்கு நினைவில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அன்று மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் ஒட்டியாக வேண்டும். ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது. அறுபத்தொன்று என்ற எண்ணுக்கு முதலில் படித்தவர் இருபதுக்குப் பதினெட்டு போட்டிருந்தார். அடுத்தவர் ஐந்து. மூன்றாவது ஆளாக அதை என்னிடம் அனுப்பினார்கள். அந்த மதிப்பெண்கள் எனக்கு அப்போது தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் இரண்டாவதாகப் படித்த இளம் பேராசிரியர் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“சார், அறுபத்தொண்ணு உங்ககிட்டதானே வருது? அதுல வாதமே இல்ல சார். கதை எழுதி வெச்சிருக்காங்க. நம்மளக் குத்திக் காட்டற மாதிரி வேற இருக்கு.”

“என்கிட்ட சொல்லாதப்பா, விதி” என்று நகர்ந்துவிட்டேன். விதிகளை மதிப்பவன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

உங்களைப் பாதித்த ஒரு முடிவை, அந்த முடிவை எடுத்தவரின் இடத்தில் நின்று எழுதுக. இதுதான் அந்த ஆண்டுக் கேள்வி. தமிழிலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். பெரும்பாலானவர்கள் தலைமை ஆசிரியராக, மாமாவாக, மாவட்ட ஆட்சியராக மாறி எழுதியிருந்தார்கள். நான் என் அறையில் உட்கார்ந்து, கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அறுபத்தொன்றைத் திறந்தேன். சாய்வில்லாத, அழுத்தமான தமிழ் எழுத்து.

“நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைக்கிறேன்” என்று தொடங்கியது கட்டுரை.

என் கை தானாக மேசையின் ஓரத்துக்குப் போய்க் கடிகாரத்தைத் தாளுக்கடியில் தள்ளியது. அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தும் தள்ளினேன்.

“என் முன்னால் ஒரு கட்டு இருக்கிறது. மேலே ஒரு விமானம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்காகத் தலையைத் தூக்குகிறேன். இந்தத் தாளுக்காகத் தூக்கவில்லை. டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. என் கண் வரியின் மேல் போகிறது. நான் கூடப் போகவில்லை.”

எந்த அலுவலகம், எந்த முடிவு என்று எழுதியவர் சொல்லவே இல்லை. ஒரு மனிதர் கட்டிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதையோ எழுதி, பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் சம்பவம். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டிக் என்கிறது. தலை தூக்கிப் பார்த்தேன். என் அறை மின்விசிறி டிக் என்றுதான் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசிப் பத்தி இது. “நான் கெட்டவன் இல்லை. வீட்டுக்குப் போகும்போது வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போவேன். இவளை நாளைக்கு ரயிலில் பார்த்தால் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பேன். இவள் இரண்டாவது பக்கத்தில் என்ன எழுதினாள் என்று யாராவது கேட்டால் மட்டும் எனக்குத் தெரியாது.”

நான் பயந்துவிட்டேன். வேறு சொல் தேடவில்லை, பயம்தான். பட்டப்பகல், பதினொரு மணி, வெளியே மாணவர்கள் சிரித்துப் பேசுகிற சத்தம். முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. பிறகு என்னை நானே திட்டிக்கொண்டேன். டிக் என்று சுற்றாத மின்விசிறி எந்த அரசு அலுவலகத்தில் இருக்கிறது? தாம்பரத்தில் வாழைப்பழம் வாங்காமல் வீட்டுக்குப் போகிறவன் யார்? இன்னொரு முறை நிதானமாகப் படித்தேன். வாதம் இல்லை என்று அந்தப் பேராசிரியர் சொன்னது தவறு. ஒருவரைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்வது எப்படி நடக்கிறது என்பதை, நடத்துகிறவனுக்கே தெரியாத விதத்தில் எழுதியிருந்தார். பதினேழு போட்டேன். கையெழுத்திட்டு மேரியம்மாவிடம் கொடுத்தேன்.

நேர்காணல் மதியம் இரண்டு மணிக்கு. நடுவில் அம்மா, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இளம் பேராசிரியர். அறுபத்தொன்று உள்ளே வந்தாள். ஹசீனா என்று பெயர். அனகாபுத்தூரில் வீடு. கறுப்புத் துப்பட்டாவைக் காதுக்குப் பின்னால் அழுத்திச் செருகியிருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்காராமல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“போன வருஷமும் எழுதினீங்களா?” என்றார் அம்மா விண்ணப்பத்தைப் பார்த்து.

“ஆமா மேடம். கெடைக்கல. வேற எங்கயும் சேரல. ஒரு வருஷம் அப்பா கடைல இருந்தேன். இந்த வாட்டியும் இல்லன்னா கடைதான்னு அப்பா சொல்லிட்டாரு. நானும் சரின்னுட்டேன்.”

“போன வருஷம் ஏன் கிடைக்கலன்னு நினைக்கிறீங்க?”

“பேப்பர யாரும் படிக்கலன்னு நெனைக்கிறேன் மேடம்.”

இளம் பேராசிரியர் நாற்காலியில் நிமிர்ந்தார். “எப்படிச் சொல்றீங்க?”

“எனக்கு எப்டி சார் தெரியும். பேப்பர காட்டுங்கன்னு கேட்டேன், காட்ட மாட்டோம்னாங்க. படிச்சிட்டு வேணாம்னு சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிறேன். படிக்காம சொல்லியிருந்தா, அது யாரோட முடிவு மேடம்?”

அம்மா ஏதோ குறித்துக்கொண்டார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டிருக்கக் கூடாது, கட்டுரையைப் பற்றி நேர்காணலில் பேசுவதில்லை என்பது வழக்கம்.

“அந்தக் கட்டுரைல ஒரு வாட்ச் வருதேம்மா. கவுத்து வைக்கிறது. அது எங்கேருந்து வந்துது?”

“அது எங்கப்பா சார். பம்மல்ல வண்டி சீட் கவர் தெக்கிற கடை வெச்சிருக்காரு. ரெக்ஸின்ல கீறல் வுழும்னு வாட்ச்ச கழட்டி கவுத்து வெச்சிருவாரு. அப்புறம் பக்கத்துல நின்னு கத்துனாக்கூட அவரு காதுல ஏறாது.”

“விமானம்?”

“பரீட்ச எழுதச்சொல்லோ மேல சுத்திக்கினே இருந்துச்சு சார்.”

எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருந்தது. நான் தலையாட்டினேன். அவள் எழுந்து கதவுவரை போய், திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தை அல்ல, என் இடது மணிக்கட்டை. அங்கே கடிகாரம் இல்லை. வெயிலில் கறுக்காத வெள்ளை வட்டம் மட்டும் இருந்தது. அவள் வெளியே போய்விட்டாள்.

நாலு மணிக்கு மேரியம்மா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. கையில் அறுபத்தொன்றின் கோப்பு. பச்சை நூல் அவிழ்ந்திருந்தது.

“சார், இது உங்க கையெழுத்துதானே?”

போன வருட விடைத்தாளின் முகப்பு. எண் இருநூற்றுப் பதினாறு. இருபதுக்கு நான்கு. கீழே “தெளிவு இல்லை” என்று எழுதி, தேதியோடு என் கையெழுத்து. மூன்றாவது எழுத்தில் நான் போடுகிற அந்த வளைவு உட்பட எல்லாம் என்னுடையது. எனக்கு அது நினைவில்லை. நினைவு மங்கியிருந்தது என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது பக்கத்தைத் திருப்பப் போனேன். வரவில்லை. அந்த நாட்களில் அலுவலக முத்திரையை மை ஊற ஊற இரண்டு தாளின் ஓரமும் சேர்கிற இடத்தில் குத்துவார்கள். மை காய்ந்து தாள்கள் ஒட்டியிருந்தன. முதல் தடவை திறக்கிறவர் நகத்தால் பிரித்தாக வேண்டும். நான் இழுத்தபோது சன்னமாக ஒரு சத்தம் வந்தது, புதுப் புடவையின் மடிப்பைப் பிரிக்கிற சத்தம்போல. அதற்கு முன்னால் அதை யாரும் திறந்திருக்கவில்லை.

“அந்தக் கட்டு முழுசும் இருக்கா?” என்றேன்.

மேரியம்மா ஏற்கெனவே எடுத்து வந்திருந்தார். மேலே இருந்த தாள்களில் பதினொன்று, பன்னிரண்டு, ஒன்பது, பதினான்கு என்று விதவிதமான மதிப்பெண்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு குறிப்பு. பக்கங்கள் பிரிந்திருந்தன. இருநூற்றுப் பதினான்காம் எண் தாளில் நான்கு. அடுத்ததும் நான்கு. இருநூற்று இருபத்து நான்கு வரைக்கும் பதினொரு தாள்கள், பதினொரு நான்குகள். எல்லாவற்றிலும் “தெளிவு இல்லை”, எல்லாவற்றிலும் என் கையெழுத்து. பதினொன்றும் ஒட்டிக்கிடந்தன.

அந்தக் கட்டை நான் முடித்த நாளில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெயிலா, சாப்பிட்ட மயக்கமா? தூங்கியிருந்தால் கையெழுத்து கோணியிருக்கும். இது நேராக, அழகாக இருந்தது. எனக்கு நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் உண்டு. அன்று இரவு வீட்டுக்குப் போய் முந்தைய வருடத்து நாட்குறிப்பில் அந்தத் தேதியைப் பார்த்தேன். “கட்டு முடிந்தது. நல்ல வெயில். வாழைப்பழம் ஒரு சீப்பு” என்று இருந்தது. என் மேசையில் என் உடம்போடு உட்கார்ந்து, என் பேனாவால் என் கையெழுத்தைப் போட்டுவிட்டு, எனக்குத் தெரியாமல் எழுந்து போயிருக்கிறான் ஒருவன். போகிற வழியில் பழமும் வாங்கியிருக்கிறான்.

ஆனால் அது இரவு. நாலு மணிக்கு என் முன்னால் மேரியம்மா நின்றுகொண்டிருந்தார்.

“என்ன பண்ணட்டும் சார்?”

விதி தெளிவாக இருந்தது. போன வருடம் மார்க் போட்ட நான் இந்த வருடம் மூன்றாமவராக இருக்க முடியாது. நான் உண்மையைச் சொன்னால் என் பதினேழு செல்லாது. மூன்றாமவர் இல்லையென்றால் பதினெட்டுக்கும் ஐந்துக்கும் சராசரிதான், பதினொன்றரை. அந்த ஒரு இடம் அடுத்தவருக்குப் போய்விடும், ஹசீனா சீட் கவர் கடைக்குப் போய்விடுவாள். ஒரு முறை படிக்காமல் அவளை வெளியே நிறுத்தியவன், இந்த முறை படித்த பிறகும் நிறுத்துவதா? சொல்லாமல் இருந்தால் அவள் உள்ளே வருவாள். அவளுக்காகத்தான் மௌனமாக இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு சௌகரியமான காரணம் பாருங்கள். “நான் பார்த்துக்கறேம்மா” என்று மேரியம்மாவை அனுப்பிவிட்டேன்.

பட்டியலில் கையெழுத்திடும் முன் அம்மா ஒவ்வொருவரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். அன்றும் கேட்டார்.

“இந்த லிஸ்ட்ல இருக்கிற யாரோட பேப்பரையாவது முன்னாடி படிச்சவங்க இந்த டேபிள்ல இருக்கீங்களா?”

மேரியம்மா சுவரோரம் நின்றிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

“இல்லம்மா” என்றேன்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் படிக்கவில்லையே. சட்டம் படித்தவனின் மூளை இப்படித்தான் வேலை செய்யும், உங்களுக்கும் செய்யும். கேள்வியில் இருக்கிற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறி நின்று தப்பித்துவிட்டேன். ஐந்து மணிக்குப் பட்டியல் ஒட்டப்பட்டது. அறுபத்தொன்று கடைசி வரியில் இருந்தது.

அம்மாவிடம் நடந்ததைச் சொல்லியிருந்தால் அவரே அந்தக் கட்டுரையைப் படித்திருப்பார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். படித்திருந்தால் அவரும் எடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். இந்த எளிய வழி அன்று எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்வதானால், தோன்ற நான் இடம் கொடுக்கவில்லை. சொல்லியிருந்தால் அம்மா அடுத்து அந்தக் கட்டைத்தான் கேட்டிருப்பார். ஹசீனாவை உள்ளே விட்டதன் மூலம் மற்ற பத்துப் பேரை நான் மூடி வைத்தேன். நெருக்கடியில் உங்களுக்கு ஒரு கருணை பொங்கி வந்தால், அது யாரைக் காப்பாற்றுகிறது என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

மறுநாள் மேரியம்மா, “அந்தப் பத்து பேரு, சார்?” என்றார்.

“பார்க்கலாம்மா.”

அடுத்த மாதம் மறுபடி கேட்டார். மறுபடியும் பார்க்கலாம் என்றேன். அப்புறம் அவர் கேட்கவில்லை. காலக்கெடு முடிந்த பழைய விடைத்தாள்களும் பெயர்ப் பதிவேடும் ஒரு நாள் லாரியில் ஏறிக் கூழாகப் போயின. நான் மாடி ஜன்னலில் நின்று லாரி போவதைப் பார்த்தேன். நிம்மதியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

அலுவலக ஊழியர்களுக்கு எங்களைவிட இரண்டு வயது முன்பே ஓய்வு. மேரியம்மா ஓய்வு பெற்ற அன்று எல்லோருக்கும் கேக் கொடுத்தார். என் பங்கோடு நாட்காட்டித் தாள் ஒன்றை மடித்துக் கொடுத்தார். அதன் பின்பக்கத்தில் வரிசையாகப் பத்து எண்கள். இருநூற்றுப் பதினான்கு, பதினைந்து, பதினேழு, பதினெட்டு என்று போயிற்று. பெயர் ஒன்றுகூட இல்லை.

“நீங்க வெச்சுக்கோங்க சார். என்கிட்ட இருந்தா தூக்கம் வரமாட்டேங்குது.”

அதை என் பர்சில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு தொல்லை ஆரம்பித்தது. தாம்பரம் ஸ்டேஷனில் நடைமேடையில் நிற்கிற இளைஞர்களை எண்ண ஆரம்பித்தேன். பெஞ்சில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், பூக்கட்டு வாங்குகிறவள், ரயிலில் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுப்பவன். பத்து பேர் இந்தப் பக்கத்திலேயே எங்கோ இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவர்களைத் தெரியாது. ஆனால் யாராவது ஒருவர் என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால் நான் இறங்கி அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன். அன்றிலிருந்து கட்டுரைகளை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். கடிகாரத்தைக் கழற்றவே இல்லை. குளிக்கும்போதுகூட.

ஹசீனா ஐந்து வருடம் எங்களிடம் படித்தாள். நன்றாகப் படித்தாள், நிறைய சண்டை போட்டாள். வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட வாரம் ஸ்வீட் பாக்ஸோடு என் வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. மனைவி டீ கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“சார், ஒண்ணு கேக்கணும்னு அஞ்சு வருஷமா இருக்கு. மொத வாட்டி என் பேப்பர யாரு சார் படிச்சாங்க?”

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடை படிய ஆரம்பித்திருந்தது.

“யாரும் படிக்கலம்மா” என்றேன். “என்கிட்டதான் வந்துது. நான் படிக்கல.”

கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மெதுவாகத் தலையாட்டினாள்.

“உங்க கையில அன்னிக்கு வாட்ச் இல்ல” என்றாள். பிறகு, “நா மட்டுந்தானா சார்?”

பர்சை எடுத்தேன். மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கியிருந்த அந்த நாட்காட்டித் தாளைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். நடந்தது முழுவதையும் சொன்னேன், லாரி உட்பட. அவள் எண்களை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். மூன்றாவது எண்ணில் விரல் நின்றது.

“எரநூத்திப் பதினேழு. இது எனக்கு அடுத்த பெஞ்சு சார். என் பேனா எழுதல, அந்தப் பொண்ணுதான் குடுத்துச்சு. பரீட்ச முடிஞ்சி திருப்பிக் குடுத்தேன், வெச்சுக்கோன்னு சொல்லிச்சு.”

“பேர் தெரியுமா?”

“கேக்கல சார். ஆனா பாத்துருக்கேன். சானடோரியத்துல ஸ்டேஷன் பக்கம் ஒரு மருந்துக் கடை கீதுல்ல, அங்கதான் கவுன்டர்ல நிக்குது. நா போனா சிரிக்கும். வக்கீலுக்குப் படிக்கிறியான்னு ஒரு வாட்டி கேட்டுச்சு. ஆமான்னேன். நீ நல்லா எழுதியிருப்பன்னு சொல்லிச்சு.”

அவள் தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள். எழுந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “நீங்கதான் சார் சொல்லணும். நா சொல்லமாட்டேன்” என்றாள். ஸ்வீட் பாக்ஸ் பிரிக்கப்படாமல் இரண்டு நாள் மேசையில் இருந்தது.

எனக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. வீட்டுக்குப் பக்கத்திலேயே மூன்று மருந்துக் கடைகள் இருக்கின்றன. இப்போது மாதம் ஒரு முறை ரயில் ஏறி, தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் இறங்குகிறேன். ஏழு மாதமாகிறது. வரிசையில் நிற்கும்போது சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்ப்பேன். கவுன்டருக்கு வந்ததும் மருந்துச் சீட்டை மட்டும் நீட்டுவேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். மற்ற கடைகளில் மாத்திரையின் பெயரைப் பார்த்ததும் திரும்பி எடுத்து வந்துவிடுவார்கள். இந்தப் பெண் அப்படி இல்லை. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, டாக்டரின் கிறுக்கலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கும்.

போன மாதமும் நின்றேன். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன். நாட்காட்டித் தாள் சட்டைப்பையில் இருந்தது. அந்தப் பெண் சீட்டை வாங்கிப் படித்தது. படித்து முடித்து, திருப்பியது. பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

“டாக்டர் பின்னாடியும் எழுதியிருக்காரே சார், நீங்க பாக்கலையா?”